பாம்பின் ரத்தமும் கொசுவின் ஆயுளும்

கொசு என்றதும் ஈப்போவாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது டிங்கி. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்கு மலேரியாவும் நினைவில் இருக்கும். இரண்டிலுமே கொசுவை நாம் ஒரு வாகனமாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கிருமி ஓரிடத்தில் ஏறுகிறது, இன்னோரிடத்தில் இறங்குகிறது, நடுவில் வாகனத்துக்கு எதுவும் ஆவதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கொசுவும் ஓர் உயிர். கிருமி அதன் குடலைத் துளைத்து உள்ளே போகிறது, அதன் சத்தைத் தின்று வளர்கிறது, சில சமயம் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியையே சேதப்படுத்துகிறது. அப்படியானால் கொசுவும் நோயாளிதான். அந்த நோய் கொசுவின் ஆயுளையும் கடிக்கும் பழக்கத்தையும் எப்படி மாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மனித நோய்களைவிட நல்ல பாடம் பாம்பின் ரத்தத்தில் இருக்கிறது என்பது என் வாதம். பாம்பு, பல்லி போன்ற ஊர்வனவற்றின் ரத்த ஒட்டுண்ணிகளில் ஒரு பெரிய கூட்டம், கொசு கடிப்பதால் பரவுவதில்லை. அந்தக் கொசுவை வேறொரு பிராணி தின்பதால் பரவுகிறது.

அந்தக் கூட்டத்தின் பெயர் ஹெப்படோசூன். விவரிக்கப்பட்ட இனங்கள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை பாம்புகளில் வாழ்பவை. பாம்பின் சிவப்பணுக்களுக்குள் இவை வாழைப்பழ வடிவில் படுத்துக் கிடக்கும். செதில்களின் இடுக்கிலோ கண்ணோரத்திலோ கொசு குத்தி ரத்தம் குடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே சிவப்பணுவை விட்டு வெளியே வந்து, குடல் சுவரைத் தாண்டி, கொசுவின் கொழுப்புத் திசுவை ஒட்டிய உடற்குழியில் ஆணும் பெண்ணும் கூடிப் பெரிய பைகளாக வளர்கின்றன. பை ஒவ்வொன்றுக்குள்ளும் ஏராளமான தொற்று வித்துகள் இருக்கும். மலேரியாக் கிருமியாக இருந்தால் இந்தக் கட்டத்தில் வித்துகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த கடிக்காகக் காத்திருக்கும். ஹெப்படோசூன் வித்துகள் அப்படிப் போவதில்லை, பைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. கொசுவை ஒரு தவளை தின்ன வேண்டும், அந்தத் தவளையை ஒரு பாம்பு விழுங்க வேண்டும், அப்போதுதான் வட்டம் முடியும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நீர்ப்பாம்பு, கியூலெக்ஸ் வகைக் கொசு, சிறுத்தைத் தவளை என்ற மூன்று பிராணிகளை வைத்து ஸ்மித், டெஸ்ஸர், மார்ட்டின் ஆகியோர் 1994இல் இந்தச் சுற்றை முழுமையாக விவரித்தார்கள். மடகாஸ்கரில் தவளைக்குப் பதிலாகப் பல்லியினம் நடுவில் நிற்கும் இன்னொரு சுற்று அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலேரியாவைக் கொசுவோடு முதலில் இணைத்து யோசித்தவர்களில் ஒருவரான பேட்ரிக் மேன்சன், நோயுற்ற கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் ரொனால்ட் ராஸும் இந்தியாவில் கொசு கிடந்த நீரை மனிதர்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். பலன் தெளிவாக இல்லை. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவைத் தொடர்ந்து ஆராய்ந்து, கிருமி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்க் கடி வழியாகப் பரவுகிறது என்று நிறுவினார். அதோடு மேன்சனின் கருத்து செத்துப்போனது. மனிதன் விஷயத்தில் அது தவறுதான். பாம்பு விஷயத்தில் ஏறக்குறைய சரி! கொசு வாய்க்குள் போவதுதான் அங்கே பரவும் வழி. ராஸின் வெற்றி அவ்வளவு பெரிதாக இருந்ததால், கொசு என்றால் கடி, கடி என்றால் நோய் என்ற ஒரே வாய்பாடு நம் மனதில் பதிந்துவிட்டது.

பேராக்கின் நிலத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று புரியும். மலேரியா வரலாற்றில் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குத் தனி இடம் உண்டு. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தால் மலேரியா குறைகிறது என்று கண்டார். அதே வேலையை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது நோய் கூடியது. சமவெளியின் நிழல் சதுப்பில் வாழும் அனாபிலிஸ் அம்புரோசஸ் வேறு, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் அனாபிலிஸ் மேக்குலேட்டஸ் வேறு என்பதுதான் காரணம். பால்மரம் நடக் காட்டை வெட்டியதே பின்னதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. அந்தப் பிழைக்கு உயிரால் விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கொசுக்களை எல்லாம் ஒன்றாக எண்ணக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டோம். அந்தக் கொசுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பது அடுத்த படி. இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறிவிட்டன. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குட்டைகள் நீர் நிறைந்து கிடக்கின்றன. செம்பனையில் எலி பெருகுகிறது, எலியைத் தேடி மலைப்பாம்பு வருகிறது. குட்டையில் தவளையும் நீர்ப்பாம்பும் உண்டு. பழைய லயத்து வீட்டின் விளக்கடியில் பல்லி கொசு பிடிக்கிறது, அந்தப் பல்லியைப் பிடிக்கச் சிறிய பழுப்புப் பாம்பு கூரைக்குள் நுழைகிறது. தவளையையும் ஊர்வனவற்றையுமே நாடும் கொசு வகைகளும் மலேசியாவில் வாழ்கின்றன. கொசு, பல்லி, பாம்பு, மறுபடி கொசு என்ற சங்கிலிக்கு வேண்டிய கண்ணிகள் எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

இனி கொசுவின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒட்டுண்ணி அதற்குத் தீங்கு செய்கிறதா? செய்யும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முட்டைக்குப் போக வேண்டிய சத்து ஒட்டுண்ணிக்குப் போகிறது. எலி மலேரியாவால் தொற்றிய அனாபிலிஸ் கொசுக்கள் குறைவாக முட்டையிடுகின்றன என்று ஹாக், ஹர்ட் இருவரும் 1990களில் காட்டினார்கள். ஆயுள் விஷயம்தான் சிக்கலானது. அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்டில் ஒரு நாளைக்கு நூற்றுக்குப் பத்துக் கொசுக்கள் ஏதோ ஒரு காரணத்தால் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து 35 மிஞ்சும். மனித மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகும். ஆனால் நீர்ப்பாம்பின் ஹெப்படோசூன் ஆய்வகத்தில் முதிர ஏறத்தாழ நான்கு வாரம் எடுத்துக்கொண்டது. 28 நாளில் மிஞ்சுவது நூற்றில் ஐந்துதான். ஒட்டுண்ணி கொசுவைக் கொஞ்சம் பலவீனப்படுத்தி, தினசரிச் சாவைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினால் என்ன ஆகும்? பத்து நாள் கணக்கில் 35 என்பது 28 ஆகும், ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. 28 நாள் கணக்கில் ஐந்து என்பது மூன்றுக்கும் கீழே போய்விடும், ஏறக்குறையப் பாதி இழப்பு. கொசு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதே மலேரியாப் பரவலின் உயிர்நாடி என்று ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950களில் வலியுறுத்தியதும் இதே கூட்டுக்கணக்கை வைத்துத்தான். நீண்ட நாள் தங்க வேண்டிய விருந்தாளி வீட்டுக்காரரைக் கொல்ல முடியாது. ஆகவே ஹெப்படோசூன் தன் கொசுவிடம் மலேரியாக் கிருமியைவிட மென்மையாக நடந்துகொள்ள வலுவான காரணம் இருக்கிறது, அதுவும் முதிரும் வரைக்குமாவது. ஈப்போ வெப்பத்தில் ஒட்டுண்ணி விரைவாக முதிரலாம். கொசுவும் விரைவாகச் சாகலாம். அப்படியானால் விகிதம் பெரிதாக மாறாது.

இந்த எதிர்பார்ப்பைச் சோதித்தவர்கள் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள அகாடியா பல்கலைக்கழகத்தில் லாரா ஃபெர்குசனும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்ற கொசுவுக்குப் பாம்பின் ஹெப்படோசூனைத் தொற்ற வைத்து, பிறகு அது மீண்டும் பாம்பைக் கடிக்கிறதா என்று கவனித்தார்கள். ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், தொற்றிய கொசுக்களில் கடித்தவை தொற்றாதவற்றைவிடக் கணிசமாகக் குறைவு. ஒட்டுண்ணி முதிர்ந்த பிறகு இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. கடிப்பது கொசுவுக்கு ஆபத்தான வேலை. குட்டையோரத்தில் பாம்பைத் தேடிப் போகும் கொசுவைத் தவளை நாக்கை நீட்டிப் பிடிக்கலாம். பை முதிருமுன் பிடித்துவிட்டால் ஒட்டுண்ணியும் வீண். அந்த நாட்களில் கொசு அடங்கி இருப்பது ஒட்டுண்ணிக்கு லாபம். ஹெப்படோசூன் தன் கொசுவின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு முதல் சான்று இது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மலேரியாவை. ஆண்டர்சன், கோல்லா, ஹர்ட் ஆகியோர் 1999இல் எலி மலேரியாவில் கண்டதும் முதல் பாதியில் இதேதான்: கிருமி முதிராத காலத்தில் தொற்றிய கொசு கடிக்க அவ்வளவு முனைப்புக் காட்டவில்லை. இரண்டாம் பாதியில்தான் கதை மாறுகிறது. வித்துகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்த பிறகு, தொற்றிய கொசு மற்றவற்றைவிட விடாப்பிடியாகக் கடித்தது. தான்சானியாவில் 1998இல் வெளியான கள ஆய்வில், மலேரியா தொற்றிய கொசுக்களில் 22 விழுக்காடு ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்களின் ரத்தத்தைக் குடித்திருந்தன. தொற்றாதவற்றில் 10 விழுக்காடு. கோழி மலேரியாவில் உமிழ்நீர்ச் சுரப்பி சேதமடைந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் நொதி குறைந்து, கொசு பல தடவை குத்தித் தேட வேண்டியிருந்ததாக ரொசிக்னோலும் குழுவினரும் 1984இல் காட்டினார்கள். ஒவ்வொரு குத்திலும் வித்துகள் இறங்குகின்றன. இரண்டு கூட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதிரும்வரை கொசு உயிரோடு இருப்பது இருவருக்கும் தேவை. அதனால் முதல் பாதி ஒன்றுபோல் இருக்கிறது. முதிர்ந்த பின் ஒருவருக்குக் கடி வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம். அங்கேதான் இருவரும் பிரிகிறார்கள். ஹெப்படோசூன் முதிர்ந்த கொசுவிடம் கூடுதல் கடிவெறி தென்படாதது, வெற்று முடிவு போலத் தோன்றினாலும், எனக்கு அந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி அதுதான். ஒட்டுண்ணி கொசுவை விட்டு வெளியேறும் வாசல் எதுவோ, அதற்கேற்பத்தான் கொசுவின் நோயும் அமைகிறது.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, இது ஒட்டுண்ணியின் தந்திரமே அல்ல, உடம்பு சரியில்லாத கொசுவின் சோர்வு என்பது. 2013இலேயே லாரன் கேட்டரும் குழுவினரும் இதைக் கூர்மையாக எழுப்பினார்கள். சூட்டில் கொன்ற ஈ.கோலை பாக்டீரியாவைக் கொசுவுக்குச் செலுத்தியபோதும், மலேரியா தொற்றியதைப் போன்றே அதன் உண்ணும் பழக்கம் மாறியது. செத்த பாக்டீரியாவுக்குத் தந்திரம் எப்படி வரும்? எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும்போது கொசு பசி இழக்கிறது, பிறகு தேறுகிறது. அவ்வளவுதான் என்று சொல்லலாம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் என் வாதத்துக்குத் தந்திரம் தேவையே இல்லை. கொசுவின் பொதுவான காய்ச்சல் குணத்தை ஒட்டுண்ணி தன் காலக்கெடுவுக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொண்டாலும் விளைவு அதேதான். நான்கு வாரம் உள்ளே தங்கும் ஒட்டுண்ணிக்கும் பத்து நாள் தங்கும் ஒட்டுண்ணிக்கும் அந்தச் சோர்வு நீடிக்கும் நாட்கள் வேறுபட்டால், கேள்வி மறுபடி உயிர்பெறுகிறது. இரண்டாவது எதிர்வாதம் என்னை அதிகம் உறுத்துகிறது. நான்கு வாரம் கழித்துச் சோதிக்கப்படுபவை உயிர் பிழைத்த கொசுக்கள் மட்டும்தானே? பலவீனமானவை இடையிலேயே செத்திருந்தால், மிஞ்சியவை திடமாகக் கடிப்பதில் வியப்பில்லை; நடத்தை தேறியது போலத் தெரிவது வெறும் வடிகட்டலாக இருக்கலாம். ஒவ்வொரு கொசுவையும் தனித்தனியாகப் பின்தொடராமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, சான்றின் தரம் பற்றியது. அதே அகாடியா ஆய்வில், காட்டில் பிடித்த, ஏற்கெனவே தொற்றிய பாம்பையும் தவளையையும் கொசுக்கள் அதிகம் தேடிக் கடித்தன. நோயாளியைக் கொசு விரும்புகிறது என்று உடனே சொல்லத் தோன்றும். மேற்குக் கென்யாவில் மலேரியாக் கிருமியின் பரவும் வடிவைச் சுமந்த குழந்தைகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு கொசுக்கள் ஈர்க்கப்பட்டதாகவும், மருந்து கொடுத்த பின் அந்த வேறுபாடு மறைந்ததாகவும் 2005இல் காட்டப்பட்டது. ஆனால் பாம்பு, தவளை விஷயத்தில் ஒப்பிடப்பட்ட தொற்றில்லாதவை ஆய்வகத்தில் வளர்ந்தவை. காட்டுத் தவளையின் தோல், மணம், அதன் மேல் வாழும் நுண்ணுயிர் எல்லாம் வேறு. ஆய்வகத்திலேயே வளர்த்த தவளைகளை மட்டும் வைத்துச் செய்தபோது, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொசு ஒரே மாதிரிதான் தேர்ந்தது. ஆக, அந்தப் பகுதியை நான் என் வாதத்துக்குச் சான்றாக எடுக்கவில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் ஆயுளைக் குறைக்கிறதா என்ற பழைய சர்ச்சையிலும் இதே கதைதான். 2002இல் ஹெதர் ஃபெர்குசனும் (முன்னவர் அல்ல, குடும்பப் பெயர்தான் ஒன்று) ஆண்ட்ரூ ரீடும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இயற்கையில் சேராத கொசுவையும் கிருமியையும் ஆய்வகத்தில் சேர்த்து வைத்த சோதனைகளில்தான் தீங்கு அதிகம் தெரிந்தது. பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்த ஜோடி ஒன்றையொன்று ஓரளவு தாங்கக் கற்றிருக்கும். எலி மலேரியாவையும் ஆய்வகக் கொசுவையும் வைத்து நாம் மனித மலேரியாவைப் பற்றிப் பேசுவதில் இருக்கும் பலவீனம் இது. நீர்ப்பாம்பும் கியூலெக்ஸும் ஒரே நிலப்பகுதியில் வாழ்பவை என்பதால், அகாடியா ஆய்வு சிறியதானாலும் அதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

இதெல்லாம் பாம்புக்கு வரும் நோய், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு நிம்மதி: பாம்பின் ஹெப்படோசூனால் மனிதனுக்கு நோய் வருவதில்லை. இயல்பான வாழ்விடத்துப் பாம்புகளே பெரும்பாலும் பெரிய தொல்லையின்றி அதைச் சுமக்கின்றன. வீட்டுப் பல்லியை விரட்டவும் காரணமில்லை. அது தின்னும் கொசுவின் கணக்கு நமக்குச் சாதகம்தான். ஆனால் கிருமி எந்த வழியாகப் பயணிக்கிறது என்பதைத் தவறாக எண்ணினால் என்ன ஆகும் என்று ஈப்போவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். கொசுப்புகை அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் தனித்தெடுத்த வைரஸ் வேறு, அதற்குக் கொசுவே தேவையில்லை என்று தெரிந்தது. அதற்குள் பன்றிகளோடு நோயும் மற்ற மாநிலங்களுக்குப் போயிருந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டார்கள்.

இப்போது மலேசியாவின் கவலை குரங்கு மலேரியா, பிளாஸ்மோடியம் நோலெஸி. இயற்கையாக மனிதனுக்கு அது தொற்றியதாக அறியப்பட்ட முதல் நிகழ்வு 1965இல் பகாங்கில் நேர்ந்தது. சரவாக்கின் கபிட்டில் பால்பீர் சிங்கும் குழுவினரும் 2004இல் அது பரவலாக இருப்பதை வெளிக்கொண்டு வந்தார்கள். 2018 முதல் உள்நாட்டில் மனிதனிலிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா பதிவாகவில்லை. நோலெஸியோ ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. காட்டோரம் வேலை செய்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்கும்போது, தொற்றிய கொசுவும் தொற்றாத கொசுவும் ஒரே அளவு நாட்கள் வாழும், ஒரே அளவு கடிக்கும் என்று எடுத்துக்கொள்வது பழக்கம். அது தவறானால், கணிப்பு எந்தப் பக்கமும் சாயலாம்: தொற்றிய கொசு விரைவில் சாகுமானால் ஆபத்தை மிகைப்படுத்துகிறோம், முதிர்ந்தபின் அதிகம் கடிக்குமானால் குறைத்து மதிப்பிடுகிறோம்.

வாசல் பற்றிய என் வாதத்தைச் சோதிக்கப் பாம்பும் தவளையும் போதும், மனித நோயாளி தேவையில்லை. ஒரே வயதுக் கொசுக்களை மூன்றாகப் பிரிக்கலாம்: ஒன்றுக்கு ஹெப்படோசூன், ஒன்றுக்குச் செத்த பாக்டீரியா, ஒன்றுக்கு எதுவுமில்லை. ஒவ்வொன்றையும் தனி அடையாளத்தோடு நான்கு வாரம் பின்தொடர்ந்து, செத்த நாளைக் குறித்து, முதிர்ந்தபின் தவளை இருக்கும் கூண்டில் விட வேண்டும். வெறும் சோர்வுதான் காரணமென்றால் முதல் இரண்டு கூட்டங்களும் ஒரே வேகத்தில் தேறி, தவளைக்குச் சம அளவில் இரையாகும். ஒட்டுண்ணியின் வாசல்தான் காரணமென்றால், ஹெப்படோசூன் முதிர்ந்த கொசு மற்ற இரண்டையும்விட எளிதாகத் தவளையின் வாயில் சிக்கும்.